கராஜ் ராக் கிட்டார் ஒலி: சின்ன ஆம்பிலிருந்து தொடங்குங்கள்

கராஜ் ராக் வாசிக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்தப் பெடல் வாங்கலாம்?" என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். பெடல், அதாவது ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டி, இங்கே நான்காவது படியில்தான் வரும். 1960-களின் நடுவில் அமெரிக்காவின் டகோமா, போர்ட்லாந்து, டெட்ராய்ட் மாதிரியான ஊர்களில் கார் ஷெட்டுகளில் (கராஜ்) கூடி இந்த இசையை வாசித்த பையன்கள் பலரிடம் பெடலே கிடையாது. இருந்ததெல்லாம் விலை குறைந்த ஒரு கிட்டார், ஒரு சின்ன வால்வு ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர்), பக்கத்திலேயே உட்கார்ந்து டிரம்ஸை வெளுத்து வாங்கும் ஒரு நண்பன். டிரம்ஸுக்கு ஈடு கொடுக்க ஆம்பின் குமிழைத் திருகிக்கொண்டே போனார்கள். ஆம்ப் திணறியது. நாம் தேடும் ஒலி அந்தத் திணறல்தான்.

கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்: சக்திக்கு மீறி வேலை வாங்கப்படும் ஒரு சின்னக் கருவி. அதை எப்படித் திணறவைப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று பார்ப்போம்.

முதல் படி: கேளுங்கள்

கருவியைத் தொடும் முன் ஒரு வாரம் கேட்பதற்கு ஒதுக்குங்கள். அமெரிக்கக் கிட்டாரிஸ்ட் லிங்க் ரே 1958-இல் பதிவு செய்தவை, இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவின் 1964 பாடல்கள், டகோமாவின் சோனிக்ஸ் 1965, 1966-இல் வெளியிட்ட இரண்டு ஆல்பங்கள். அப்புறம் லென்னி கே தொகுத்து 1972-இல் எலெக்ட்ரா வெளியிட்ட 'நகெட்ஸ்'. 60-களின் கராஜ் குழுக்களின் 27 பாடல்கள் அதில் இருக்கின்றன. புதிதாக வருகிறவருக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

கேட்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டிஸ்டார்ஷன் (ஒலியின் கரகரப்பு) நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைவிடக் குறைவாக இருக்கும். மூன்று ஸ்வரக் கார்ட் ஒன்றை அடித்தால் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும்; மேலே மட்டும் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அடி ஒலி மெலிந்திருக்கும். நடு அலைவரிசைதான் முன்னால் வந்து நிற்கும். இன்றைய கனத்த ராக் பாடல்களில் வரும் சுவர் போன்ற கிட்டாரை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஒலியைத் தேடினால் கிடைக்காது.

இரண்டாம் படி: ஆம்ப்

அதிக நேரமும் பணமும் இங்கேதான் போக வேண்டும். கிட்டாருக்குச் செலவழிப்பதில் பாதியை எடுத்து ஆம்பில் போடுங்கள் என்று யாரிடமும் சொல்வேன்.

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆம்புகள் அந்நியமாக இருக்காது. போட்டவுடன் பாடாது, வால்வு சூடாக வேண்டும். கிட்டாரின் சிக்னல் சிறியதாக இருக்கும்வரை வால்வு அதை உள்ளபடியே பெரிதாக்கும். சிக்னல் கூடக் கூட ஒரு கட்டத்தில் வால்வால் அதற்கு மேல் கொடுக்க முடியாது, அலையின் உச்சி மழுங்கிவிடும். அந்த மழுங்கலைத்தான் கரகரப்பாகக் கேட்கிறோம். வால்வில் இது படிப்படியாக வருவதால் காதுக்கு உறுத்தாது. இன்னொன்றும் நடக்கிறது. வால்வு ரெக்டிஃபையர் (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் பகுதி) உள்ள ஆம்பில் ஓங்கி அடித்தால் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கி மறுபடி ஏறும். அடித்த அடி ஒரு நொடி அமுங்கி, பிறகு மலர்ந்து எழுவது போல ஒலிக்கும். கையில் கிட்டாரை வைத்துக்கொண்டு இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு விட மனம் வராது.

ஃபெண்டர் சாம்ப் ஏறக்குறைய 5 வாட், 8 அங்குல ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட். இங்கிலாந்துக் குழுக்களிடம் வாக்ஸ் ஏசி15, ஏசி30 இருந்தன. அமெரிக்கப் பையன்கள் பலர் சியர்ஸ் கடையின் தபால் கேட்லாக்கைப் பார்த்து சில்வர்டோன் வாங்கினார்கள். ஒரு சில்வர்டோன் மாடலில் கிட்டார் வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஆம்பும் ஸ்பீக்கரும் பொருத்தப்பட்டிருந்தன. இன்றைக்கு 5 முதல் 15 வாட் வரையிலான புது வால்வு ஆம்புகள் பல நிறுவனங்களிலிருந்து வருகின்றன. தொடங்குகிறவருக்கு அதுவே போதும். 50 வாட் ஆம்ப் 5 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். ஆனால் வீட்டில் அதைத் திணறவைக்கவே முடியாது.

சரி, ஆம்பை எப்படி அமைப்பது? வால்வு சூடாக இரண்டு நிமிடம் விடுங்கள். கிட்டாரின் வால்யூம், டோன் இரண்டையும் முழுதாகத் திறந்துவையுங்கள். ஆம்பில் பாஸ் (அடி ஒலி) 3, டிரெபிள் (மேல் ஒலி) 6, மிடில் (நடு ஒலி) இருந்தால் 7. வால்யூம் 3-இல் ஆரம்பித்து, ஈ மேஜர் கார்டை ஒரே வேகத்தில் அடித்தபடி ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். 3-இல் மணி அடித்தது போலத் தெளிவாக இருக்கும். 5 பக்கம் வரும்போது, பிக் கம்பியில் படும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு கரகரப்பு எழுந்து அடங்கும். 7-இல் கார்ட் முழுவதும் கரகரக்கும். அதற்கு மேல் திருகினால் சத்தம் அதிகம் கூடாது, ஒலி தடித்துக்கொண்டே போகும். அடிக் கம்பிகள் குழைய ஆரம்பித்தால் பாஸைக் குறையுங்கள். ஆம்பின் சக்தியை அதிகம் தின்பது அடி ஒலிதான். எண்கள் ஆம்புக்கு ஆம்ப் மாறும், காதைத்தான் நம்ப வேண்டும். மெல்லத் தடவினால் சுத்தமாகவும், ஓங்கி அடித்தால் கரகரப்பாகவும் வருகிற ஓர் இடம் இருக்கும். அங்கே நிறுத்தி, குமிழின் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். உங்கள் ஒலியின் வீடு அதுதான்.

கெய்ன் (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்குவது), மாஸ்டர் (மொத்தச் சத்தம்) என்று இரண்டு குமிழ் உள்ள ஆம்ப் என்றால் பழக்கத்துக்கு எதிராகச் செய்யுங்கள். கெய்னை 3, 4-க்கு மேல் ஏற்றாமல் மாஸ்டரை வீடு தாங்கும் அளவுக்கு ஏற்றுங்கள்.

வீடு தாங்காது என்பவர்களுக்கும் வழி உண்டு. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போடும் அட்டென்யூவேட்டர் சத்தத்தைக் குறைத்து, திணறலை ஓரளவு காப்பாற்றும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கணினியிலோ டிஜிட்டல் பெடலிலோ வேலை செய்யலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டியலில் மிகச் சின்ன ஆம்பைத் தேர்ந்தெடுங்கள், 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கர் வையுங்கள், நாய்ஸ் கேட்டை (இரைச்சலை வெட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். இந்த இசையில் இரைச்சலுக்கும் இடம் உண்டு.

இனி ஓர் எச்சரிக்கை. வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். அமெரிக்காவிலிருந்து வரும் பழைய ஆம்புகள் 120 வோல்ட் அளவுக்கானவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை அங்கேயே முடிந்தது. தாராளமான வாட் அளவுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். இரண்டு முள் பிளக் இருந்தால் எர்த் உள்ள மூன்று முள் பிளக்காக மாற்றச் சொல்லுங்கள். மிக மலிவான சில பழைய ஆம்புகளில் மெயின்ஸைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. மின்சாரம் கிட்டார்க் கம்பிவரை வந்துவிடலாம். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தும்வரை செருகவே செருகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கும் மேல் தேங்கி நிற்கலாம். ஆர்வக் கோளாறில் நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். வால்வு ரேடியோ பழுது பார்த்த பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இன்னும் தொழிலில் இருந்தால் அவரிடம் கொண்டுபோங்கள். இந்தச் சுற்று அவருக்குப் புதிதாக இருக்காது.

மூன்றாம் படி: கிட்டாரும் கம்பியும்

அந்தக் காலத்து மலிவு கிட்டார்களுக்கு இன்று பெரிய மவுசு. டேன்எலெக்ட்ரோவின் உடல், மரச்சட்டத்தின் மேல் மேசனைட் அட்டை ஒட்டிச் செய்தது. அதன் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) நிஜமான லிப்ஸ்டிக் குழாய்க்குள் வைத்து அடைத்தார்கள். சிகாகோவிலிருந்து ஹார்மனி, கே கிட்டார்கள் வந்தன. ஜப்பானிலிருந்து டெய்ஸ்கோ வந்தது. பிற்காலத்தில் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் வைட் கையில் பார்த்தோமே அந்தச் சிவப்பு ஏர்லைன், அது மான்ட்கோமரி வார்ட் கடைக்காக வால்கோ நிறுவனம் ஃபைபர் கிளாஸில் செய்த கிட்டார்.

இவற்றுக்கெல்லாம் பொதுவானது சிக்கலில்லாத, ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப். அதன் சிக்னல் மெலிது, தெளிவு அதிகம். ஆம்ப் திணறும்போதும் ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்பதற்கு அந்தத் தெளிவுதான் காரணம். இன்னும் கொஞ்சம் தடிப்பு வேண்டும் என்றால் பி-90 பிக்கப் உள்ள கிட்டாரைத் தேடுங்கள். என் கைக்கு இந்த இசைக்கு அதைவிடப் பொருத்தமான பிக்கப் அகப்படவில்லை. உங்களிடம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டார்தான் இருக்கிறதா? விற்க வேண்டாம். கிட்டார் வால்யூமை 7-க்கு இறக்கி, பிரிட்ஜ் பிக்கப்பில் வைத்து, ஆம்பின் பாஸை இன்னும் ஒரு எண் குறையுங்கள். போதும்.

நிஜமான பழைய கிட்டாரை ஆசைப்பட்டு வாங்குமுன் கழுத்தைப் பாருங்கள். பிரிட்ஜிலிருந்து தலைப்பக்கமாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வளைவு தெரியும். கழுத்து வில்லாக வளைந்து, கம்பிகள் ஃபிரெட்டுக்கு மேல் உயரத்தில் நின்றால் பார் கார்ட் (ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்தும் கார்ட்) பிடிக்கக் கை வலித்துவிடும். அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சிங்கிள் காயிலோடு ஹம் சத்தமும் வரும். டியூப் லைட்டின் சோக், ஃபேன் ரெகுலேட்டர் இரண்டும் அதைக் கூட்டும். கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் ஹம் நன்றாக அடங்கும். அந்தத் திசையிலேயே நின்று வாசியுங்கள்.

கம்பி செட் 11 அளவுக்குக் (மிக மெல்லிய கம்பியின் தடிமன் 0.011 அங்குலம்) குறையாமல் இருக்கட்டும். 60-களின் தொடக்கத்தில் கடைகளில் கிடைத்தவை தடித்த கம்பிகள்தான். மெல்லிய கம்பி செட் பிறகுதான் பரவியது. தூய நிக்கல் சுற்றிய கம்பி கிடைத்தால் நல்லது, அதன் மினுக்கம் சற்றுக் குறைவு. வாரா வாரம் கம்பி மாற்றத் தேவையில்லை. கொஞ்சம் மங்கிய கம்பி இந்த ஒலிக்கு ஒத்துப்போகும்.

நான்காம் படி: ஃபஸ் பெடல்

ஃபஸ், அதாவது ஒலியைக் கிழித்துக் கரகரப்பாக்கும் பெடல், பிறந்த கதையே ஒரு பழுதிலிருந்துதான். 60-களின் தொடக்கத்தில் நாஷ்வில்லில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றைப் பதிவு செய்தபோது மிக்ஸரின் ஒரு சேனல் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டினின் ஆறு கம்பி பாஸ் கிட்டார் கரகரவென்று உறுமியது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-இல் வெளிவந்த அந்தப் பாடலைக் கேட்டு மற்றவர்களும் அதே ஒலி வேண்டும் என்று கேட்க, பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்பவரோடு சேர்ந்து அதைத் தரும் டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்பனைக்கு விட்டது அதைத்தான். முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகு கடைகளில் பெடல் மிஞ்சவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் டோன் பெண்டர், 1966-இல் ஃபஸ் ஃபேஸ் என்று வரிசையாக வந்தன.

இன்று வாங்குகிறவருக்கு ஜெர்மானியம், சிலிக்கான் என்று இரண்டு வகை. ஜெர்மானியம் மென்மையானது, பழைய பதிவுகளில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு வெப்பம் ஆகாது. சூடு ஏற ஏற அதில் மின்கசிவு கூடும், பெடலின் அமைப்பு நிலை தவறும், ஸ்வரம் நீளாமல் நடுவில் பொட்டென்று அறுந்துபோகும். சித்திரை வெயிலில் ஃபேன் மட்டும் ஓடும் அறையில் வாசிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது நிஜமான பிரச்சினை. முதல் ஃபஸ் பெடலாகச் சிலிக்கான் வகையை வாங்குங்கள், அல்லது பயஸ் (டிரான்சிஸ்டரின் அமைப்பு நிலையைச் சரிசெய்யும்) குமிழ் வெளியிலேயே உள்ள ஜெர்மானியம் பெடலாகப் பாருங்கள்.

ஃபஸ் ஃபேஸ் வகை பெடலுக்கு முன்னால் வேறு எதையும் வைக்காதீர்கள். இதை நான் கஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆசையாக வாங்கிய ஃபஸ் பெடல் கொசு ரீங்காரம் மாதிரி மெலிந்து ஒலித்தது. கிட்டார் வால்யூமைக் குறைத்தாலும் சுத்தமாகவில்லை. இரண்டு வாரம் பேட்டரி மாற்றினேன், கேபிள் மாற்றினேன், பெடலையே திருப்பிக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன். ஒரு நாள் அவசரத்தில் டியூனர் பெடலைச் செருகாமல் கிட்டாரை நேராக ஃபஸ்ஸில் போட்டேன். அறை நிறைந்துவிட்டது. டியூனருக்குள் இருந்த பஃபர் என்ற, சிக்னலை வலுப்படுத்தி அனுப்பும் சுற்றுதான் காரணம். இந்த வகை ஃபஸ் கிட்டாரின் பிக்கப்போடு நேராகக் கைகோத்து, அதை ஒரு சுமையாக அழுத்தி வேலை செய்கிறது. நடுவில் பஃபர் வந்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. அன்றிலிருந்து என் வரிசை இதுதான்: கிட்டார், ஃபஸ், டியூனர், ஆம்ப்.

வரிசை சரியானதும் செய்து பாருங்கள். பெடலில் ஃபஸ் குமிழை முக்கால்வாசிக்கு மேல் வைத்து, கிட்டார் வால்யூம் 10-இல் ஏ கார்டை அடியுங்கள். ஒலி கிழிந்துகொண்டு வரும். சுண்டுவிரலால் வால்யூமை 7-க்கு இறக்குங்கள்: கிழிசல் போய்க் கரகரப்பு மட்டும் நிற்கும். 5-இல் அதே கார்ட் பளபளவென்று சுத்தமாக, ஓரத்தில் மட்டும் லேசான சொரசொரப்போடு வரும். பாடலின் சரணத்துக்கு 5, பல்லவிக்கு 7, சோலோவுக்கு 10. காலைத் தூக்கவே வேண்டாம்.

பழைய ஜெர்மானியம் வடிவமைப்புகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட் ஆகும். அதற்கென்று தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி போடுங்கள், சாதாரண கார்பன் பேட்டரியே போதும்.

ரிவெர்ப், டிரெமோலோ

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங் ரிவெர்ப் (எதிரொலி) இருந்தால் 2 அல்லது 3-இல் வையுங்கள். கார்ட் நின்ற பிறகு வால் தெரிய வேண்டும், வாசிக்கும்போது தெரியக் கூடாது. டிரெமோலோவை (சத்தம் ஏறி இறங்கித் துடிப்பது) மெதுவான பாடல்களில் தாளத்தோடு ஒட்டி வையுங்கள். மற்ற எஃபெக்ட்டுகள் எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: கை

ஆம்ப் பாதி, வலக்கை பாதி. தடித்த பிக்கை எடுத்து, மணிக்கட்டிலிருந்து கீழ்நோக்கியே அடித்துப் பழகுங்கள். பிரிட்ஜ் பக்கம் அடித்தால் கூர்மை, கழுத்துப் பக்கம் நகர்ந்தால் உருண்டை. ஈ, ஏ, டி, ஜி, இந்த நான்கு கார்ட்களைத் திறந்த நிலையிலும் பார் நிலையிலும் தயங்காமல் மாற்றத் தெரிந்தால் இந்த வகைப் பாடல்களில் பெரும்பாலானவற்றை வாசித்துவிடலாம். கார்ட்டுக்கும் கார்ட்டுக்கும் நடுவில் இடக்கையைத் தளர்த்திக் கம்பிகளைச் சட்டென்று நிறுத்தப் பழகுங்கள். அந்த மௌனத்தில்தான் டிரம்ஸ் உள்ளே வரும்.

ஆறாம் படி: பதிவு

ஸ்பீக்கரையே கெடுத்து ஒலி தேடியவர்களும் உண்டு. லிங்க் ரே 1958-இல் ஆம்பின் ட்வீட்டர்களில் (மேல் ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்கள்) பென்சிலால் ஓட்டை போட்டார். கிங்க்ஸின் டேவ் டேவிஸ் 1964-இல் எல்பிகோ என்ற குட்டி ஆம்பின் ஸ்பீக்கர்க் கோனை பிளேடால் கீறி, அதன் ஒலியை வாக்ஸ் ஏசி30 வழியாகப் பெரிதாக்கினார். உங்கள் ஸ்பீக்கரை நீங்கள் கீற வேண்டியதில்லை, அந்த வேலையை இன்று ஃபஸ் பெடலே செய்துவிடும். ஆனால் டேவிஸ் செய்த அமைப்பைப் பாருங்கள்: சின்னது கிழிகிறது, பெரியது அதை எடுத்துச் சொல்கிறது. பதிவிலும் அதேதான். சின்ன ஆம்பைத் திணறவிட்டு, நல்ல மைக்கால் அதைப் பிடிக்க வேண்டும்.

ஆம்பை ஒரு நாற்காலியில் தூக்கி வையுங்கள். ஷுர் எஸ்எம்57 மாதிரியான ஒரு சாதாரண டைனமிக் மைக் போதும். ஸ்பீக்கரின் நடுக்குமிழியும் கோனும் சேரும் விளிம்பைக் குறிபார்த்து, துணியிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். கூர்மை அதிகம் என்றால் வெளிப்பக்கமாக ஒரு அங்குலம் நகர்த்துங்கள். ஈக்யூவைத் (அடி, நடு, மேல் ஒலிகளின் அளவை மாற்றுவது) தொடும் முன் மைக்கை நகர்த்துவது நல்ல பழக்கம். இரண்டாவது மைக் இருந்தால் ஆறேழு அடி தள்ளி அறையின் ஒலியைப் பிடியுங்கள்.

அறையை அமைதியாக்க மெனக்கெடாதீர்கள். சோனிக்ஸ் குழுவினர் தங்கள் இரண்டாவது ஆல்பத்துக்காக டகோமாவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனபோது, ஒலி உயிரோடு வரட்டும் என்று சுவரில் இருந்த ஒலித்தடுப்பையே பிய்த்துவிட்டார்கள். நம் வீடுகளின் சிமெண்ட் சுவரும் மொசைக் தரையும் இந்த ஒரு வேலைக்கு வரம். முடிந்தால் டிரம்ஸ், பாஸ், கிட்டார் மூன்றையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்யுங்கள். கிட்டார் மைக்கில் டிரம்ஸ் கசிந்தால் கசியட்டும்.

பழைய டேப் ரெக்கார்டரில் அளவு மீறினால் அது இனிமையாக அமுங்கும். கணினியில் அளவு மீறினால் வெடிக்கும். அதனால் கணினிக்குள் போகும் அளவைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, அமுக்கத்தை டேப் ப்ளகின் (டேப்பைப் போல ஒலிக்கவைக்கும் மென்பொருள்) மூலம் பிறகு சேருங்கள். நிஜ டேப் கிடைத்தால் இன்னும் நல்லது. 2003-இல் வெளிவந்த ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் ஆல்பத்தின் பெரும்பகுதி லண்டனின் டோ ராக் ஸ்டூடியோவில் 8 டிராக் டேப்பில்தான் பதிவானது.

கலவையை மோனோவில் செய்யுங்கள். கிட்டாரை இடமும் வலமுமாக இரண்டு தடவை பதிவு செய்து அகலப்படுத்த வேண்டாம். ஒரே கிட்டார், நடுவில். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் பாஸுக்கு இடம் கிடைக்கும். கடைசியாக அதை உங்கள் கைபேசியின் ஸ்பீக்கரிலோ சமையலறையில் இருக்கும் சின்ன ரேடியோவிலோ போட்டுக் கேளுங்கள். அந்தப் பாடல்கள் அன்று ஒலித்ததும் காருக்குள்ளும் படுக்கை ஓரத்திலும் இருந்த குட்டி ஏஎம் ரேடியோக்களில்தான். அதில் கிட்டார் உடைந்து சிதறாமல் முன்னால் வந்து நின்றால் கலவையை அப்படியே சேமித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போங்கள்.